10 செகண்டுக்கு ஒரு ரீடிங் வாங்கணுமா, நம்பற மாதிரி ஒரு ரீடிங் போதுமா?

இந்த தடவை வந்த கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கி சொல்றேன். எழுதினவர் மருந்து ஸ்டோரேஜும் டெலிவரியும் பண்ற ஒரு கம்பெனியில ஆபரேஷன்ஸ் பாக்கறவர். பேரும் கம்பெனியும் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டிருக்கார், போடல. அவங்ககிட்ட 40 குளிர் அறை இருக்கு, எல்லாமே 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்க வேண்டிய சரக்கு, இன்சுலின், தடுப்பூசி இதெல்லாம். இப்போதைக்கு ரூமுக்கு ஒரு சென்சார், 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங். கதவு திறந்தாலே அலாரம் அடிக்குது, ஷிஃப்ட்ல இருக்கறவங்க சலிச்சு போய் அதை மியூட் பண்ணி வச்சிடறாங்க. இதுக்கு நடுவுல ஒரு பேட்ச் இன்சுலின் உறைஞ்சு போயிருக்குன்னு கஸ்டமர் திருப்பி அனுப்பியிருக்காங்க, ஆனா அந்த ரூமோட ரெக்கார்டை எடுத்து பாத்தா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் 4, 5 டிகிரின்னு ஒழுங்கா இருக்கு.

இப்போ வெண்டர் ஒரு புது ப்ரொபோசல் கொடுத்திருக்கார். ரூமுக்கு 6 சென்சார், 10 செகண்டுக்கு ஒரு ரீடிங், எல்லாம் க்ளவுடுக்கு போகும், தப்பான ரீடிங்கை ஏஐ சுத்தம் பண்ணிடும், லிமிட் தாண்டினா சிஸ்டமே பேட்சை ரிஜெக்ட் பண்ணிடும். வருஷா வருஷம் சந்தா. மேனேஜ்மெண்ட் இதை பாத்துட்டு பாதி செலவுல முடிங்கன்னு சொல்லிட்டாங்க. இவர் கேக்கறது இதுதான்: "சென்சார் எண்ணிக்கைய குறைக்கவா, ரீடிங் இடைவெளிய கூட்டவா, விலை கம்மியான சென்சாருக்கு போகவா? எதை வெட்டினா ஆபத்து இல்ல? நாளைக்கு ஒரு பேட்ச் கெட்டா நான் வெட்டினதாலதான்னு என் மேல வந்து நிக்கும்."

வணக்கம். உங்க கவலை ரொம்ப நியாயமானது, அதுவும் மருந்து விஷயத்துல இவ்வளவு யோசிக்கறது நல்லதுக்குத்தான். பதில் சொல்றதுக்கு முன்னாடி அவசரமா ஒரு விஷயம். உறைஞ்ச பேட்ச் இருந்த ரூம்ல ப்ளோயருக்கு நேரா, காத்து வந்து அடிக்கற இடத்துல இருக்கற பெட்டிகளை இன்னைக்கே நகர்த்துங்க. மத்த ரூம்லயும் அப்படியே. ரூம்ல இருக்கற ஒரே சென்சார் நடுவுலயோ கதவு பக்கமோ 5 டிகிரி காட்டும்போது ப்ளோயர் முன்னாடி 0க்கு கீழ போறது நடக்கக்கூடிய விஷயம், உங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கறதுக்கும் இன்சுலின் உறைஞ்சதுக்கும் அனேகமா இதுதான் காரணம். உறைஞ்ச இன்சுலினை திரும்ப உருக்கி பயன்படுத்த முடியாது. அலுமினிய உப்பு சேர்த்த தடுப்பூசிகளும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் மாதிரி, உறைஞ்சா வீரியம் போயிடும். 8 டிகிரிய தாண்டறதுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க, உங்க சரக்குக்கு கீழ் பக்கம்தான் சில சமயம் மோசமான பக்கம்.

இந்த கேஸ்ல இன்னொன்னும் பாருங்க. சென்சார் தப்பா காட்டல, இடைவெளியும் பெரிய பிரச்சனையா இருந்திருக்காது, இடம்தான் தப்பு. அதே இடத்துல 10 செகண்டுக்கு ஒரு தடவை எடுத்திருந்தா 15 நிமிஷத்துக்கு 1 சுத்தமான பொய்க்கு பதிலா 90 சுத்தமான பொய் கிடைச்சிருக்கும்.

எந்த முடிவுக்காக வாங்கறீங்க?

கடிதத்துல சென்சார், இடைவெளி, விலை எல்லாம் விவரமா எழுதியிருக்கீங்க, ஆனா அந்த ரீடிங்கை வச்சு யாரு என்ன முடிவு எடுக்கறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. கணக்கை அங்க இருந்துதான் பின்னாடி பின்னாடி வரணும். நீங்க எழுதினதை வச்சு பாத்தா உங்க வேலையில மூணு முடிவு தெரியுது. ஒண்ணு, இப்பவே யாராவது ஓடிப்போய் ரூமை பாக்கணுமா. ரெண்டு, இந்த பேட்சை வெளிய அனுப்பலாமா வேண்டாமா. மூணு, மெஷின் பழுதாக போகுதா, சர்வீஸ் ஆளை கூப்பிடணுமா.

முதல் முடிவுக்கு தகவல் சூடா இருக்கணும், அரை மணி நேரம் பழசான ரீடிங்கை வச்சு ஓடி பிரயோஜனம் இல்ல, ஆனா 7.9ஆ 8.2ஆங்கற அளவுக்கு துல்லியம் தேவைப்படாது. ரெண்டாவது முடிவு அப்படியே தலைகீழ், ரீடிங் ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தாலும் பரவாயில்ல, லாகர் (ரீடிங்கை பதிஞ்சு வைக்கற சின்ன கருவி) தனக்குள்ளேயே சேமிச்சு வச்சு சாயங்காலம் மொத்தமா அனுப்பினாலும் சரி, ஆனா நடுவுல ஓட்டை இருக்கக்கூடாது, எவ்வளவு பிழை இருக்கலாம்னு தெரிஞ்சிருக்கணும், நேரம் சரியா பதிஞ்சிருக்கணும். மூணாவதுக்கு ஒரு நாளைக்கு கம்ப்ரஸர் எத்தனை தடவை ஆன் ஆச்சு, எவ்வளவு நேரம் ஓடுச்சுங்கற சுருக்கமே போதும். வெண்டர் இந்த மூணுக்கும் சேர்த்து இருக்கறதுலயே உசந்த ஒரே ஃபீடை விக்கறார், அதாவது ஒவ்வொரு முடிவுக்கும் தேவையில்லாத ஏதோ ஒரு தரத்துக்கு நீங்க காசு கொடுக்கறீங்க. கணக்கு போட்டு பாருங்க: 240 சென்சார், 10 செகண்டுக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 20,73,600 ரீடிங். 5 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா 69,120. நடுவுல இருக்கற அந்த 20 லட்சத்துல எது யாரோட முடிவை மாத்துச்சுன்னு வெண்டரை கேளுங்க.

தகவலுக்கு விலை போடற கணக்கை, முடிவு எடுக்கறதை பத்தி ஆராய்ஞ்ச அமெரிக்க பேராசிரியர் ரொனால்ட் ஹோவர்டு 1966லேயே எழுதி வச்சிட்டார், அடிப்படை ரொம்ப எளிமை: தகவல் வர்றதுக்கு முன்னாடி நீங்க எடுக்கற முடிவோட எதிர்பார்க்கும் நஷ்டம், வந்த பிறகு எடுக்கற முடிவோட நஷ்டம், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த தகவலுக்கு அதிகபட்சம் கொடுக்கக்கூடிய விலை. ஒரு பெட்டியோட மதிப்பு 100னு வைங்க. கெட்டதை அனுப்பிட்டா வர்ற பாதிப்பு 1000. சரக்கை நேர்ல செக் பண்ண 5 ஆகும். அலாரம் அடிச்ச பெட்டி, கெட்டிருக்க 20 சதவீதம் வாய்ப்புன்னா, செக் பண்ணாம அனுப்பினா நஷ்டம் சராசரியா 200, மொத்தமா தூக்கி போட்டா 100, செக் பண்ணி கெட்டதை மட்டும் போட்டா 20 கூட்டல் 5, வெறும் 25. செக் பண்றது அருமையான பேரம். அதே செக்கை அலாரமே அடிக்காத, ஆயிரத்துல ஒண்ணு கெட்டிருக்கற பெட்டி மேல பண்ணீங்கன்னா? அனுப்பினா எதிர்பார்க்கும் நஷ்டமே 1தான், அதை தவிர்க்க 5 செலவு பண்றீங்க. இதுல 1000னு போட்டது உங்க கம்பெனிக்கு வர்ற நஷ்டத்தை மட்டும் வச்சு இருக்கக்கூடாது, அந்த இன்சுலினை போட்டுக்கப்போற ஆளுக்கு வர்றதையும் சேர்த்து வைங்க. அந்த நம்பரை ஏத்தி வச்சு திரும்ப போட்டு பாருங்க, சில இடத்துல பதில் மாறும், மாறற இடம்தான் நீங்க காசு போட வேண்டிய இடம்.

ஒரு எல்லையையும் சொல்லிடணும். மருந்தோட லேபிள்ல போட்டிருக்கற வெப்பநிலை, உங்க ஊர் ரெகுலேட்டர் கேக்கற ரெக்கார்டு, கஸ்டமரோட அக்ரிமெண்ட்ல இருக்கற குறைந்தபட்சம், இது மூணும் இந்த பேரத்துக்குள்ள வராது. அதுக்கு மேல இருக்கறதுலதான் நீங்க செலவு குறைக்க முடியும். இதை உங்க குவாலிட்டி பொறுப்பாளரை வச்சு எழுத்துல வாங்கிடுங்க.

டிஸ்ப்ளேல புள்ளிக்கு அப்புறம் எத்தனை நம்பர் வந்தாலும்

"வெண்டர் சென்சார் 0.06 டிகிரி வரைக்கும் காட்டும்"னு எழுதியிருக்கீங்க. அது எவ்வளவு சின்ன மாற்றத்தை பிரிச்சு காட்டும்ங்கறது, எவ்வளவு சரியா காட்டும்ங்கறது வேற. டிஎஸ்18பி20னு பரவலா கிடைக்கற சின்ன சென்சார் ஒண்ணு இருக்கு, 0.0625 டிகிரி படியில காட்டும், ஆனா தயாரிப்பாளர் உத்தரவாதம் கொடுக்கற பிழை அளவு கூட்டியோ குறைச்சோ அரை டிகிரி. ப்ளாட்டினத்துல செய்யற பிடி100 வகையில ஏ கிளாஸ்னா 0 டிகிரி கிட்ட 0.15 டிகிரிக்குள்ள நிக்கும், பி கிளாஸ்னா 0.3. அதனால வெண்டர்கிட்ட பிழை எவ்வளவுன்னு கேளுங்க, அதுவும் சென்சார் மட்டும் இல்லாம ஒயர், மீட்டர் எல்லாம் சேர்ந்து எவ்வளவுன்னு கேளுங்க.

அந்த பிழை உங்களுக்கு எவ்வளவு செலவுன்னு பாக்கறது சுலபம். லிமிட் 2ல இருந்து 8. பிழை அரை டிகிரின்னா நீங்க நம்பி சரின்னு சொல்ல முடியற பகுதி 2.5ல இருந்து 7.5. பிழை 1 டிகிரின்னா 3ல இருந்து 7. பிழை 0.2ன்னா 2.2ல இருந்து 7.8. இப்போ உங்க ரூம் சாதாரணமா எங்க ஓடுதுன்னு பாருங்க. எந்நேரமும் 4க்கும் 6க்கும் நடுவுலதான்னா அரை டிகிரி சென்சாரும் விலை கூடின சென்சாரும் ஒரே முடிவைத்தான் கொடுக்கும், அங்க விலை கூடினதை வாங்கறது வீண். அடிக்கடி 7.4, 7.6னு ஓரத்துல நிக்கற ரூம்னா நல்ல சென்சார் தன் விலைய சீக்கிரம் சம்பாதிச்சிடும், இல்லன்னா அந்த மெஷினை சரி பண்றது இன்னும் மலிவா இருக்கும். 40 ரூமுக்கும் ஒரே சென்சார்னு எங்கயும் சட்டம் கிடையாது.

அப்புறம் "6 சென்சாரோட சராசரிய எடுத்தா பிழை போயிடும்"னு ஒரு நம்பிக்கை உங்க கடிதத்துல ரெண்டு இடத்துல வருது. தாறுமாறா மேல கீழ ஆடற பிழை சராசரில குறையும், உண்மைதான், எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு குறையும், 4 ரீடிங்குக்கு பாதி ஆகும். ஆனா ஒரே பக்கமா சாஞ்ச பிழை அசையவே அசையாது, 200 கிராம் குறைச்சு காட்டற தராசுல பத்து தடவை நிறுத்தாலும் 200 கிராம் குறைச்சுத்தான் காட்டும். அதுக்கு மருந்து கேலிப்ரேஷன் மட்டும்தான், அதாவது சரியா காட்டும்னு தெரிஞ்ச ஒரு கருவியோட ஒப்பிட்டு பிழைய கண்டுபிடிச்சு சரி பண்றது. இன்னும் பெரிய பிரச்சனை, 6 இடத்தோட சராசரி 5 டிகிரின்னு வரும்போது ஒரு மூலையில மைனஸ் 1 இருக்கலாம். பெட்டி சராசரில உக்காரல, மூலையில உக்காந்திருக்கு. குளிர் அறைக்கு எப்பவுமே அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பாருங்க, சராசரிய முடிவுக்கு எடுக்காதீங்க.

அப்ப 6 சென்சார் வேணுமா? ஒரு வாரத்துக்கு வேணும், அதுக்கு மேல வேண்டாம். வாடகைக்கோ கடனாவோ கொஞ்சம் டேட்டா லாகர் வாங்கி ரூம் ரூமா மேப்பிங் பண்ணுங்க, மூலை, மேல் தட்டு, ப்ளோயர் முன்னாடி, கதவு பக்கம்னு நிறைய இடத்துல வச்சு, ரூம் நிறைஞ்சிருக்கும்போது ஒரு தடவை, காலியா இருக்கும்போது ஒரு தடவை, வெயில் காலத்துல ஒரு தடவை. எது ரொம்ப சூடு, எது ரொம்ப குளிர்னு தெரிஞ்சதும் நிரந்தரமா அந்த ரெண்டு இடத்துல மட்டும் ஒவ்வொண்ணு வைங்க. இதே வாரத்துல ஒரு லாகரை 10 செகண்டுல ஓட விடுங்க, உங்க ரூம்ல நிஜமா எவ்வளவு வேகமா மாறுதுன்னு அப்பத்தான் தெரியும். கம்ப்ரஸர் 20 நிமிஷ சுத்துல ஆன் ஆஃப் ஆகுதுன்னா 15 நிமிஷ ரீடிங் அந்த ஏற்ற இறக்கத்தை ஒழுங்கா பிடிக்காது, ஒரு சுத்துக்கு ரெண்டுக்கும் மேல ரீடிங் இருந்தாத்தான் சுத்துன்னே தெரியும், நடைமுறைல நாலஞ்சு வேணும். ஆக 4, 5 நிமிஷம்னு வரலாம். அதுவும் உங்க ரூம்ல எடுத்த ரெக்கார்டை பாத்துதான் முடிவு பண்ணணும், என் வார்த்தைய வச்சு இல்ல.

அலாரத்தை மியூட் பண்றவங்க மேல கோவப்படாதீங்க

கடிதத்துல ஷிஃப்ட் ஆட்களை பத்தி எழுதின பத்தி எனக்கு வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அவங்க பண்றது சோம்பேறித்தனம் இல்ல. 1000 டெலிவரில நிஜமா 5 கெடுதுன்னு வைங்க, சிஸ்டம் அந்த அஞ்சையும் பிடிச்சிடுது, ஆனா நல்லா இருக்கற 995ல 3 சதவீதத்துக்கு வெட்டியா அடிக்குது. மொத்தம் 35 அலாரம், அதுல உண்மை 5. ஏழுல ஒண்ணு. உங்க ரூம்ல கதவு திறக்கற ஒவ்வொரு தடவையும் அடிக்கறதால விகிதம் இன்னும் மோசமா இருக்கும். மனுஷ கவனம்தான் இந்த மொத்த சிஸ்டத்துலயும் விலை கூடின பொருள், அதுக்கு பில் வர்றதில்லங்கறதால யாரும் கணக்குல சேர்க்கறதில்ல. ராத்திரி ஷிஃப்ட்ல தனியா நிக்கற ஒருத்தரோட கவனத்தை இப்படி கரைச்சிட்டு, அப்புறம் ஒரு நாள் நிஜமான அலாரத்தை ஏன் விட்டீங்கன்னு கேக்கறது அநியாயம்.

கதவு திறந்தா காத்து சூடாகும், பாட்டிலுக்குள்ள இருக்கற மருந்து அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. சென்சார் காத்தை அளக்குது, நீங்க தெரிஞ்சுக்க விரும்பறது மருந்தை. அதனால ப்ரோபை (சென்சாரோட அளக்கற முனை) க்ளைகால்ங்கற திரவம் நிரப்பின சின்ன பாட்டில்குள்ள போட்டு வைக்கற வழக்கம் இருக்கு, அமெரிக்க அரசோட நோய் தடுப்பு அமைப்பான சிடிசியும் தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு அப்படி வைக்கத்தான் சொல்லுது, கூடவே அவங்க கேக்கறது அரை டிகிரி பிழைக்குள்ள இருக்கற லாகர், குறைந்தது 30 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், அவ்வளவுதான். 10 செகண்டுக்கு ஒண்ணுன்னு கேக்கல. பாட்டில் செலவு ஒண்ணுமே இல்ல, பாதி அலாரத்துக்கு மேல அதுலயே அடங்கிடும்னு நான் நினைக்கறேன். மீதிக்கு டிலே வைங்க, லிமிட் தாண்டி இத்தனை நிமிஷம் தொடர்ந்து நின்னாத்தான் அடிக்கணும்னு. கீழ் பக்கத்துக்கு டிலே குறைவா வைங்க, 0க்கு கிட்ட போனா டிலேயே வேண்டாம்.

செலவு குறைக்க இன்னொரு வழி, மாற்றம் இருந்தா மட்டும் ரீடிங் அனுப்பற மாதிரி செட் பண்றது. பேட்டரில ஓடற ஒயர்லெஸ் சென்சார்ல அளக்கறதை விட ரேடியோல அனுப்பறதுதான் சார்ஜை குடிக்கும், அதனால 0.3 டிகிரி மாறினா மட்டும் அனுப்புன்னு சொன்னா பேட்டரி மாத்தற வேலையும் டேட்டா செலவும் நல்லா இறங்கும். ஆனா இதுல ஒரு குழி இருக்கு. சென்சார் செத்துப்போனாலும் சத்தம் இருக்காது, எல்லாம் நல்லா இருந்தாலும் சத்தம் இருக்காது. அதனால மாற்றம் இல்லன்னாலும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை "உயிரோட இருக்கேன்"னு ஒரு ரீடிங் வரணும், வரலன்னா அது ஒரு அலாரம். உங்க இப்போதைய சிஸ்டத்துல டேட்டா வராதப்ப டேஷ்போர்டு என்ன காட்டுதுன்னு இன்னைக்கே ஒரு சென்சாரை கழட்டி பாருங்க. கடைசியா வந்த ரீடிங்கையே பச்சை கலர்ல காட்டிக்கிட்டு இருந்தா அதை விட ஆபத்தான விஷயம் உங்க கடிதத்துல வேற எதுவும் இல்ல.

சிஸ்டமே ரிஜெக்ட் பண்றது

இதுக்கு நான் வேண்டாம்னே சொல்லுவேன், இப்ப இருக்கற நிலைமைல. ஒரே ஒரு சென்சார் சொல்றதை வச்சு திரும்ப எடுக்க முடியாத வேலைய மெஷின்கிட்ட கொடுக்கறது எங்க கொண்டு போய் விடும்ங்கறதுக்கு 737 மேக்ஸ் விமானம் போதும், எதிர்ல வர்ற காத்துக்கும் விமானத்துக்கும் நடுவுல இருக்கற கோணத்தை அளக்கற ஒரு சென்சார் தப்பா சொன்னதை நம்பி சாஃப்ட்வேர் விமானத்தை கீழ அழுத்திக்கிட்டே இருந்துச்சு, 2018லயும் 2019லயும் ரெண்டு விபத்து, 346 பேர் போயிட்டாங்க. உங்க விஷயம் அந்த அளவு இல்ல, ஆனா அமைப்பு அதேதான். சிஸ்டம் பேட்சை நிறுத்தி வைக்கட்டும், அது வரைக்கும் சரி. அப்புறம் ஒரு ஆள் கேலிப்ரேஷன் பண்ணின கைல பிடிக்கற தெர்மாமீட்டரோட போய் பாத்து, குவாலிட்டி ஆள் முடிவு பண்ணட்டும். விலை கம்மியான சென்சார் எல்லா நேரமும் காவல் காக்கும், விலை கூடின சோதனை சந்தேகம் வந்தப்ப மட்டும் நடக்கும், செலவும் அடங்கும்.

ஏஐ சுத்தம் பண்றதை பத்தியும் ஜாக்கிரதை. திடீர்னு விழுந்த ஒரு ரீடிங்கை அது இரைச்சல்னு நினைச்சு அழிச்சிடலாம், உங்க இன்சுலினை உறைய வச்சது அந்த மாதிரி ஒரு விழுதலாத்தான் இருந்திருக்கும். சுத்தம் பண்ணின கோடு டேஷ்போர்டுல இருக்கட்டும், மூல ரீடிங் அழியாம தனியா இருக்கணும்.

நெட்வொர்க்கும் டேஷ்போர்டும் இல்லாமயே முடிவை சரியா எடுக்க வைக்க முடியும்ங்கறதுக்கு ஒரு நல்ல உதாரணம் போலியோ சொட்டு மருந்து பாட்டில்ல 1996ல இருந்து வர்ற ஸ்டிக்கர். நடுவுல ஒரு சதுரம், சூடு சேர சேர கருக்கும், சுத்தி இருக்கற வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா அந்த பாட்டிலை பயன்படுத்தக்கூடாது. பேட்டரி கிடையாது, நம்பர் கிடையாது, மருந்து கொடுக்கற ஆள் கைலயே முடிவு இருக்கு. ஆனா உறைஞ்சதை அது காட்டாது, அதனால உங்க பிரச்சனைக்கு அது முழு பதில் ஆகாது, டெலிவரி வண்டில போற பெட்டிக்கு உறைதல் காட்டற இண்டிகேட்டரும் தனியா கிடைக்குது, 6 சென்சார் சந்தாவை விட அதை முதல்ல விசாரிங்க.

காண்ட்ராக்டும் உங்க பாதுகாப்பும்

ப்ராஸஸ் படம் உங்ககிட்ட இருக்கும்னு நினைக்கறேன், பிபிஎம்என்ல (வேலை நடக்கற வரிசைய படமா வரையற ஒரு பொது முறை) வரைஞ்சிருந்தா அதுல இதுக்குன்னு தனி குறியீடு கிடையாது, பக்கத்துல குறிப்பா எழுதுங்க. ரீடிங் பயன்படற ஒவ்வொரு இடத்துலயும் நாலு விஷயம்: எவ்வளவு பழசா இருக்கலாம், எவ்வளவு பிழை இருக்கலாம், வரலன்னா என்ன பண்ணணும், இதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவு. அந்த தாளுக்கு கீழ எந்த ரிஸ்க்கை ஏத்துக்கறோம்னு நேரா எழுதி, நீங்க, குவாலிட்டி தலைவர், பாதி செலவுல முடிங்கன்னு சொன்னவர், மூணு பேரும் கையெழுத்து போடணும். உங்க மேல வந்து நிக்கும்னு பயப்படறீங்களே, வாய் வார்த்தையா வெட்டினாத்தான் அப்படி நிக்கும்.

நிறைய பேர் யோசிக்காத ஒரு ரிஸ்க்கையும் சொல்றேன். சேகரிச்ச ரீடிங் ஒவ்வொண்ணும் உங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சுங்கறதுக்கு சாட்சி. 20 லட்சம் ரீடிங் எடுத்து, அதுல லிமிட் தாண்டினது பதிவாகி, யாரும் எதுவும் பண்ணலன்னா, நாளைக்கு விசாரணைல அது உங்களுக்கு எதிராத்தான் பேசும். பாக்க ஆள் இல்லாத டேட்டாவை சேக்காதீங்க, சேத்தா பாக்க ஆள் போடுங்க. பழசை எவ்வளவு நாள் வைக்கணும்ங்கறது நாட்டுக்கு நாடு வேற, உங்க வக்கீல்கிட்ட அந்த ஒரு கேள்விய கேட்டு வாங்கிடுங்க.

வெண்டர்கிட்ட எழுத்துல வாங்க வேண்டியது: மூல ரீடிங் முழுக்க உங்களோடது, எப்ப கேட்டாலும் சாதாரண ஃபைலா எடுத்துக்கலாம், சந்தா நிறுத்தினாலும் எடுத்துக்கலாம். ஒவ்வொரு ரீடிங்லயும் அளந்த நேரமும் சர்வருக்கு வந்த நேரமும் தனித்தனியா இருக்கணும், இல்லன்னா வண்டி சிக்னல் இல்லாத இடத்துல இருந்தப்ப எது எப்ப நடந்துச்சுன்னு நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு சென்சாரோட சீரியல் நம்பருக்கும் ஐஎஸ்ஓ 17025 (சோதனை, கேலிப்ரேஷன் லேப்களுக்கான சர்வதேச தரம்) அங்கீகாரம் வாங்கின லேபோட கேலிப்ரேஷன் சர்டிபிகேட் வேணும், மறு கேலிப்ரேஷன் செலவு யாரோடதுன்னும் எழுதியிருக்கணும், வருஷ செலவுல சத்தமில்லாம வந்து உக்கார்ற தொகை அதுதான். நடுவுல நீங்களே ஐஸ் தண்ணில ப்ரோபை முக்கி 0 காட்டுதான்னு பாத்துக்கலாம், நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும் நல்லா கலந்து இருக்கணும், ப்ரோப் பாத்திரத்தை தொடக்கூடாது. இடைவெளி, அலாரம் லிமிட், டிலே மூணையும் நீங்களே மாத்திக்கற வசதி வேணும், ஒவ்வொரு மாத்தத்துக்கும் பில் வரக்கூடாது.

மேப்பிங் முடியற வரைக்கும் வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்து போடாதீங்க. 3 ரூமுக்கு மட்டும் சோதனை ஓட்டம் கேளுங்க, மோசமா ஓடற ரூம் ஒண்ணு அதுல கண்டிப்பா இருக்கட்டும். ரூமுக்கு 6ங்கறது 2 ஆனா மொத்தம் 240 சென்சார் 80 ஆகுது, சந்தா சென்சார் கணக்குலன்னா மேனேஜ்மெண்ட் கேட்ட பாதிக்கும் கீழயே வந்துடும். மிச்சமாகறதுல ஒரு பங்கை கேலிப்ரேஷனுக்கும், ராத்திரி ஷிஃப்ட்ல கூட ஒரு ஆள் போடறதுக்கும் இப்பவே எழுதி கேட்டுடுங்க, பட்ஜெட் மூடிட்டா அப்புறம் யாரும் தர மாட்டாங்க.